ஒரு கோரில் ஓடுகிறது, 4 கோரில் விழுகிறது: கெர்னல் கன்கரன்சியை எங்கிருந்து தொடங்குவது?

கிண்டி_கெர்னல்

வணக்கம். கிண்டியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எக்ஸ்வி6 என்ற பாடத்துக்கான சின்ன இயங்குதளத்தின் கோடை ஓரளவு படித்துவிட்டு, ரிஸ்க்-ஃபைவ் பிராசஸருக்கு சி மொழியில் சொந்தமாக ஒரு குட்டி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிக்கொண்டிருக்கிறேன். க்யூஎமு எமுலேட்டரில் ஒரு கோர் கொடுத்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது. 4 கோர் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுகிறது. விழுகிற விதமும் ஒரே மாதிரி இல்லை. ஒரு தடவை ரன் கியூவின் (ஓடக் காத்திருக்கும் பிராசஸ்களின் வரிசை) இணைப்பு அறுந்து கிடக்கிறது, இன்னொரு தடவை ஒரே பிராசஸ் இரண்டு கோரில் ஓடுவது போலத் தெரிகிறது, அப்புறம் பேஜ் ஃபால்ட் (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை). எங்கே என்று பார்க்க பிரிண்ட் போட்டால் பிரச்சினையே வருவதில்லை.

பொதுவான மாறிகளுக்கெல்லாம் வாலடைல் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. ஹாஸ்டலில் ஒரு சீனியர், "லாக்கெல்லாம் பழைய கதை, லாக்-ஃப்ரீ கியூ எழுது" என்கிறார். தேடினால் மெமரி பேரியர், ஆர்சியு என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். எதை முதலில் படிப்பது, எதைத் தள்ளிவைப்பது?

வேளச்சேரி_வெள்ளம்

வாலடைலைத் தூக்கிப் போடுங்கள். கவுன்ட்டர், பாயின்டர் எல்லாவற்றையும் அட்டாமிக் ஆக்கிவிடுங்கள். வேலை முடிந்தது.

பஸ்_ஓட்டாத_டிரைவர்

வேலை முடியாது, வெள்ளம். இனிமேல்தான் ஆரம்பிக்கும்.

தம்பி, வாலடைல் செய்வது ஒன்றுதான்: அந்த மாறியைப் படிப்பதையோ எழுதுவதையோ கம்பைலர் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு எண்ணோடு ஒன்றைக் கூட்டுவது பிராசஸருக்கு மூன்று வேலை: எடு, கூட்டு, திரும்ப வை. இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் 5 என்று எடுத்து, இரண்டும் 6 என்று வைத்தால் ஒரு கூட்டல் காணாமல் போகிறது. வாலடைல் இருந்தாலும் போகும். அட்டாமிக் (மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாக்குவது) போட்டால் இந்த ஒரு கூட்டல் பிழைக்கும், சரி. ஆனால் உங்கள் ரன் கியூவில் தலை பாயின்டர், வால் பாயின்டர், எண்ணிக்கை என்று மூன்று இருக்கும் அல்லவா? ஒவ்வொன்றும் தனித்தனியாக அட்டாமிக் ஆனாலும், தலை மாறி வால் இன்னும் மாறாத அந்த இடைவெளியில் வேறொரு கோர் உள்ளே வந்து பார்க்கும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி இருக்க வேண்டும் என்பதுதான் நீங்கள் காக்க வேண்டியது. அதற்கு லாக்தான் வேண்டும்: ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு.

பிரிண்ட் போட்டால் மறைவதில் மர்மம் ஏதுமில்லை. நிஜ போர்டில் 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்து சீரியலில் வெளியேற சுமார் 87 மைக்ரோ வினாடி ஆகும். 1 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 87,000 சைக்கிள். க்யூஎமுவில் கணக்கு வேறு, ஆனால் அங்கேயும் சீரியலைத் தொட்டால் எமுலேட்டருக்குள் போய்வர நேரமாகும். போதாததற்கு உங்கள் பிரிண்ட் ஃபங்ஷனுக்குள் ஒரு லாக் இருந்தால், எல்லா கோர்களும் அங்கே வரிசையில் நின்று, அடுத்தடுத்துதான் வெளியே வரும். பக் சாகவில்லை, அது நடக்கத் தேவையான சில நானோ வினாடிப் பொருத்தம் கலைந்துபோகிறது.

எதைப் படிப்பது என்று கேட்டீர்கள். படிப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் கெர்னலில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தொடும் தரவு ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் அதை யார் தொடுகிறார்கள் என்று எழுதுங்கள்: இதே கோரில் ஓடும் பிராசஸா, வேறு கோரா, டைமர் இன்டரப்டா, டிஸ்க் இன்டரப்டா (இன்டரப்ட் என்றால் ஓடும் வேலையை நிறுத்தி ஹார்ட்வேர் குறுக்கிடுவது). மூன்றாவதாக, அதைக் காக்கும் லாக்கின் பெயர். மூன்றாவது இடம் காலியாக இருக்கும் வரிகளில்தான் உங்கள் பக் இருக்கிறது. புதியவர்கள் "இந்தக் கோடைச் சுற்றி லாக் போடட்டுமா" என்று கேட்கிறார்கள். லாக் கோடுக்கு அல்ல, தரவுக்கு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் அதுவும்: துண்டை மதிக்காத ஒருவர் ஏறிவிட்டால் போச்சு. ஒரே ஒரு ஃபங்ஷன் லாக் எடுக்காமல் கியூவைத் தொட்டாலும், மற்ற இருபது இடங்களில் எடுத்த லாக்குக்கு அர்த்தமில்லை.

கிண்டி_கெர்னல்

நன்றி அண்ணா. தாளில் எழுதினேன். ரன் கியூவைத் தொடுபவர்கள்: ஷெட்யூலர், டைமர் இன்டரப்ட், டிஸ்க் இன்டரப்டில் வரும் வேக்-அப், அப்புறம் ஃபோர்க் (புதிய பிராசஸை உருவாக்குவது). மூன்றாவது இடத்தில் "இன்டரப்டை அணைத்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறேன். அது போதாதா? ஒரு கோரில் அது வேலை செய்ததே.

அம்பத்தூர்_எம்பெடட்

நாங்கள் மைக்ரோகன்ட்ரோலரில் காலம் காலமாக அதைத்தான் செய்கிறோம். இன்டரப்டை அணை, வேலையை முடி, திற. இதுவரை ஒரு புகாரும் இல்லை.

தரமணி_77

உங்கள் மைக்ரோகன்ட்ரோலரில் ஒரே கோர் இருக்கும், அதனால் புகார் இல்லை. இன்டரப்டை அணைப்பது அந்தக் கோரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். பக்கத்துக் கோருக்கு அது தெரியவே தெரியாது.

சரி, அப்படியென்றால் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) மட்டும் போட்டால்? அதுவும் போதாது. ஒரு பிராசஸ் ரன் கியூ லாக்கை எடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அதே கோரில் டைமர் இன்டரப்ட் வருகிறது. அதைக் கவனிக்கும் ஃபங்ஷனான ஹேண்ட்லர் அதே லாக்கைக் கேட்கிறது. லாக்கை வைத்திருப்பவர் இந்த ஹேண்ட்லர் முடிந்தால்தான் திரும்ப ஓட முடியும், ஹேண்ட்லரோ லாக் கிடைத்தால்தான் முடியும். அந்தக் கோர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு கோர்கூட வேண்டாம், ஒன்றே போதும் இந்த டெட்லாக்குக்கு.

ஆகவே இன்டரப்ட் ஹேண்ட்லரும் தொடும் தரவுக்கு இரண்டும் வேண்டும், வரிசையும் முக்கியம்: முதலில் இன்டரப்டை அணைத்துவிட்டு, பிறகு லாக். விடும்போது முதலில் லாக், பிறகு இன்டரப்ட். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு இன்டரப்டைத் திறந்துவிடக் கூடாது. வெளியே இன்னொரு லாக் ஏற்கெனவே எடுக்கப்பட்டு, அதற்காக இன்டரப்ட் அணைந்திருக்கலாம். லினக்ஸில் ஐஆர்க்யூசேவ் என்று முடியும் வகை இருப்பது பழைய நிலையைச் சேமித்து அதையே திருப்பி வைக்கத்தான். எக்ஸ்வி6 ஒவ்வொரு கோருக்கும் ஓர் எண்ணிக்கை வைத்து, கடைசி லாக்கை விடும்போதுதான் இன்டரப்டை மீட்கிறது. அந்த புஷ்-ஆஃப், பாப்-ஆஃப் ஃபங்ஷன்களை இன்னொரு முறை பாருங்கள். சின்னவைதான், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது.

பழைய_யூனிக்ஸ்

ஏன் பையனை இத்தனை லாக்குகளோடு அலைய விடுகிறீர்கள்? கெர்னல் முழுவதற்கும் ஒரே ஒரு பெரிய லாக் போடட்டும். உள்ளே வரும்போது எடு, வெளியே போகும்போது விடு. லினக்ஸே அப்படித்தான் தொடங்கியது. 1996இல் 2.0 வெளிவந்தபோது பல பிராசஸர் ஆதரவு வந்ததே பிக் கெர்னல் லாக்கை வைத்துத்தான். 2011இல் 2.6.39இல்தான் அதன் கடைசித் துண்டு போனது. உலகமே 15 ஆண்டு அதை வைத்துப் பிழைத்திருக்கிறது.

பஸ்_ஓட்டாத_டிரைவர்

சார், 15 ஆண்டு ஏன் ஆனது என்பதையும் சொல்லுங்கள். அதை எடுத்தவர் தூங்கப் போனால் ஷெட்யூலர் தானாகவே அதை விட்டுவிடும், எழுந்ததும் திரும்ப எடுத்துக் கொடுக்கும். ஒருவரே மேலும் மேலும் எடுக்கவும் செய்யலாம். எந்தத் தரவை அது காக்கிறது என்று எங்கும் எழுதவில்லை. பிறகு பிரித்தெடுக்கப் போனவர்களுக்கு ஒவ்வொரு டிரைவரிலும் "இது இங்கே எதற்கு இருக்கிறது" என்று தோண்ட வேண்டியதாயிற்று.

பழைய_யூனிக்ஸ்

அது பெரிய லாக்கின் குற்றம் இல்லையே, ஆவணம் எழுதாத சோம்பேறித்தனத்தின் குற்றம். குட்டி கெர்னலில் 4 கோரும் சண்டையில்லாமல் ஓடுவதை முதலில் பார்க்கட்டும். வேகம் அப்புறம். எந்த லாக்கில் நெரிசல் என்று அளந்துவிட்டுப் பிரிக்கலாம். அளக்காமலேயே ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் ஒரு லாக் வைத்து, கடைசியில் அ-வை எடுத்துவிட்டு ஆ-வுக்காக ஒருவர், ஆ-வை எடுத்துவிட்டு அ-வுக்காக இன்னொருவர் என்று நிற்கும் கோடை எத்தனை முறை ரிவ்யூவில் பார்த்திருப்பீர்கள்?

தரமணி_77

சார் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். துணை அமைப்பு ஒன்றுக்கு ஒரு லாக்: ஷெட்யூலருக்கு ஒன்று, மெமரி அலோகேட்டருக்கு ஒன்று, ஃபைல் பக்கம் ஒன்று. தம்பிக்கு இப்போதைக்கு அதுவே ஏராளம். எதற்குப் பிறகு எதை எடுக்கலாம் என்ற வரிசையை ஹெடர் ஃபைலின் தலையில் கமென்ட்டாக எழுதிவைத்தால், சார் சொன்ன அ-ஆ டெட்லாக் வராது.

மாம்பலம்_மியூட்டெக்ஸ்

கெர்னலுக்குப் போவதற்கு முன் பயனர் பக்கத்திலேயே (சாதாரண புரோகிராமாக) பிதிரெட் என்ற த்ரெட் நூலகத்தை வைத்துப் பழகினால் என்ன? த்ரெட் சானிடைசர் என்ற சோதனைக் கருவியைப் போட்டால் ரேஸ் (லாக் இல்லாமல் இருவர் ஒரே தரவில் மோதுவது) எந்த வரியில் என்று அதுவே காட்டிவிடும். இடையில் விழுந்தாலும் கணினியே விழாது. நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பஸ்_ஓட்டாத_டிரைவர்

நல்ல யோசனை. லாக் வரிசை, கண்டிஷன் வேரியபிள் இரண்டுக்கும் அதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. ரன் கியூ, அலோகேட்டர் போன்ற பகுதிகளை அப்படியே பயனர் பக்கத்தில் கம்பைல் செய்து சோதிக்கவும் செய்யலாம். ஆனால் அங்கே இன்டரப்ட் கிடையாது. "இப்போது நான் தூங்கலாமா கூடாதா" என்ற கேள்வியே எழாது. கெர்னலில் புதியவர் அதிகம் சறுக்குவது அங்கேதான். லினக்ஸில் ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு பயனர் நினைவகத்திலிருந்து காப்பி செய்யப் போவார்கள். அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் டிஸ்க்கிலிருந்து வரும்வரை தூங்க வேண்டும். லாக்கோடு தூங்கினால் மற்ற கோர்கள் அதுவரை சும்மா சுற்றும். நினைவகம் கேட்கும் கேமலாக்குக்கு, தூங்க அனுமதிக்கும் ஜிஎஃப்பி-கெர்னல் கொடுத்தாலும் அதே கதி, அதனால்தான் ஜிஎஃப்பி-அட்டாமிக் என்று தனியாக ஒன்று. தூங்க வேண்டி வரும் என்றால் மியூட்டெக்ஸ் (காத்திருப்பவரைத் தூங்கவைக்கும் லாக்), இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் ஸ்பின்லாக். முதல் ஆண்டு முழுவதும் இந்த ஒரு வரி போதும்.

அம்பத்தூர்_எம்பெடட்

ஒரு திருத்தம். லினக்ஸின் ரியல்-டைம் பில்டில் சாதாரண ஸ்பின்லாக்கும் தூங்கும். 2024இல் 6.12இல் அது மெயின்லைனுக்குள்ளேயே வந்துவிட்டது.

பஸ்_ஓட்டாத_டிரைவர்

ஆமாம், ஆனால் அதை இங்கே அவிழ்த்துவிட்டால் தம்பி படிப்பையே விட்டுவிடுவார்.

கிண்டி_கெர்னல்

அக்கா சொன்னபடி ஷெட்யூலருக்கு ஒரு லாக் போட்டு, முன்னால் இன்டரப்டையும் அணைத்தேன். கியூ இப்போது அறுவதில்லை. ஆனால் இரண்டு பிரச்சினை மிச்சம். ஒன்று, ஒரே பிராசஸ் இரண்டு கோரில் ஓடுவது இன்னும் வருகிறது. இரண்டு, டிஸ்க்கைப் படிக்கப் போன பிராசஸ் சில நேரம் எழுந்திருப்பதே இல்லை. டிஸ்க் இன்டரப்ட் வந்திருக்கிறது, பார்த்துவிட்டேன்.

தரமணி_77

இரண்டையும் இன்னொரு மாணவரிடம் அப்படியே பார்த்திருக்கிறேன். யீல்டில் (கோரை விட்டுக்கொடுக்கும் ஃபங்ஷன்) என்ன வரிசையில் செய்கிறீர்கள், தூங்கும் ஃபங்ஷனில் என்ன வரிசையில் செய்கிறீர்கள்? கோட் வேண்டாம், வாயால் சொல்வது போல எழுதுங்கள்.

கிண்டி_கெர்னல்

யீல்ட்: லாக்கை எடுக்கிறேன், பிராசஸின் நிலையை ரன்னபிள் என்று மாற்றி கியூவில் சேர்க்கிறேன், லாக்கை விடுகிறேன், பிறகு கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (இதன் ரெஜிஸ்டர்களைச் சேமித்துவிட்டு அடுத்ததற்கு மாறுவது).

தூக்கம்: டிஸ்க் முடிந்ததா என்று பார்க்கிறேன், முடியவில்லையென்றால் லாக்கை எடுத்து நிலையை ஸ்லீப்பிங் என்று மாற்றி, லாக்கை விட்டு, ஸ்விட்ச்.

தரமணி_77

யீல்டைப் பாருங்கள். லாக்கை விட்ட நொடியில் அந்த பிராசஸ் கியூவில் இருக்கிறது, ஆனால் அதன் ரெஜிஸ்டர்கள் இன்னும் சேமிக்கப்படவில்லை, அதன் ஸ்டாக்கின் மேல் உங்கள் கோர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2ஆம் கோர் கியூவிலிருந்து அதை எடுத்து, போன தடவை சேமித்த பழைய ரெஜிஸ்டர்களோடு ஓடத் தொடங்குகிறது. ஒரே ஸ்டாக்கில் இரண்டு கோர். பிறகு பேஜ் ஃபால்ட் வராமல் என்ன வரும்?

அந்த லாக்கை ஸ்விட்ச் முடியும்வரை விடக் கூடாது. லாக்கைப் பிடித்தபடியே ஸ்விட்ச் செய்து ஷெட்யூலருக்குப் போக வேண்டும், ஷெட்யூலர் தன் சொந்த ஸ்டாக்கில் நின்றுகொண்டு அதை விட வேண்டும். எடுத்தவர் ஒருவர், விடுபவர் வேறொருவர் என்பது முதல் பார்வைக்கு முறைகேடாகத் தெரியும். எக்ஸ்வி6 செய்வது அதைத்தான். ஸ்விட்ச் செய்யும் இடத்தில் கையில் சரியாக ஒரே ஒரு லாக் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பேனிக் அடிக்கும். புதிதாகப் பிறந்த பிராசஸ் முதல் முறை ஓடும்போதும் அந்த லாக் கையில் இருக்கும், அதை அங்கே விட மறக்காதீர்கள். பலரும் அங்கே மாட்டுகிறார்கள்.

தூக்கத்துக்கு வருவோம். "டிஸ்க் முடிந்ததா" என்று பார்ப்பதற்கும் "நான் தூங்குகிறேன்" என்று எழுதுவதற்கும் இடையில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தபோது முடியவில்லை. அடுத்த கணம் வேறொரு கோரில் இன்டரப்ட் வருகிறது, முடிந்தது என்று எழுதுகிறது, தூங்குபவர் யாராவது உண்டா என்று தேடுகிறது. இன்னும் யாரும் தூங்கவில்லை, அதனால் போய்விடுகிறது. இப்போது நீங்கள் தூங்கப் போகிறீர்கள். எழுப்ப வேண்டியவர் வந்துவிட்டுப் போய்விட்டார். லாஸ்ட் வேக்-அப் என்பது இதுதான், கிடைத்த லாக்குகளையெல்லாம் மேலே அள்ளிப் போட்டாலும் தீராது. நிபந்தனையைப் பார்ப்பதிலிருந்து தூங்கும் நிலைக்குப் போவதுவரை நடுவில் ஆள் நுழைய வழி இருக்கக் கூடாது.

அதனால் டிஸ்க் நிலையைக் காக்கும் லாக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். தூங்கும் ஃபங்ஷனுக்கு அந்த லாக்கையே வாதமாகக் கொடுங்கள். அது முதலில் ஷெட்யூலர் லாக்கை எடுக்கட்டும், அதன்பிறகே டிஸ்க் லாக்கை விடட்டும். எழுப்புபவர் டிஸ்க் லாக்கோடு வந்து ஷெட்யூலர் லாக்கையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதால் இடைவெளி அடைபடுகிறது. எழுந்த பிறகு டிஸ்க் லாக்கைத் திரும்ப எடுத்து, நிபந்தனையை மறுபடி வைல் லூப்பில் பாருங்கள். இஃப் போடக் கூடாது: எழுப்பிய பிறகு நீங்கள் ஓடுவதற்குள் வேறொருவர் வந்து அதை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

வேளச்சேரி_வெள்ளம்

அக்கா, என் "எல்லாவற்றையும் அட்டாமிக் ஆக்கு"வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த சீனியர் சொன்ன லாக்-ஃப்ரீ? பெரிய இடத்தில் எல்லாம் ஆர்சியு வைத்துத்தானே ஓட்டுகிறார்கள்?

பஸ்_ஓட்டாத_டிரைவர்

ஓட்டுகிறார்கள். படிப்பவர்களை லாக் இல்லாமலே படிக்கவிடும் முறை அது, லினக்ஸில் 2002 முதலே இருக்கிறது. படிப்பவர்கள் ஏராளம், எழுதுபவர்கள் எப்போதாவது என்ற இடங்களில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ரன் கியூ அப்படிப்பட்ட இடமா? ஒவ்வொரு முறையும் எல்லோரும் எழுதுகிறார்கள். லாக்-ஃப்ரீயில் தலைவலி சேர்ப்பதிலும் எடுப்பதிலும் இல்லை, எடுத்த நோடை எப்போது ஃப்ரீ செய்வது என்பதில்தான். இன்னொரு கோர் அந்த பாயின்டரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆர்சியு அந்தக் கேள்விக்கு ஒரு விடை, அதைச் சரியாகப் பயன்படுத்துவது தனிப் படிப்பு. அனுபவசாலிகளுக்கும் கால் இடறும்: டர்ட்டி கௌ என்ற ஓட்டை நினைவக நிர்வாகத்தில் இருந்த ஒரு ரேஸ்தான். 2007இல் 2.6.22இல் நுழைந்து 2016 அக்டோபரில்தான் அடைபட்டது. அதை வைத்துச் சாதாரண பயனர் ரூட் ஆக முடிந்தது.

மாம்பலம்_மியூட்டெக்ஸ்

மெமரி பேரியர் (நினைவகப் படிப்பு, எழுத்துகளின் வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை) பற்றி யாரும் பேசவில்லையே.

தரமணி_77

வேண்டுமென்றுதான் பேசவில்லை. லாக் எடுக்கும் ஃபங்ஷனுக்குள்ளும் விடும் ஃபங்ஷனுக்குள்ளும் பேரியர் சரியாக இருந்தால், லாக்குக்குள் தரவைத் தொடுபவர் அதைப் பற்றி நினைக்க வேண்டியதே இல்லை. ரிஸ்க்-ஃபைவில் எடுக்கும் அமோ-ஸ்வாப் கட்டளைக்கு அக்வயர், விடும்போது ரிலீஸ். கம்பைலரின் உள்ளமைந்த அட்டாமிக் ஃபங்ஷன்களே அதைப் போட்டுத் தரும். கையால் அசெம்பிளி எழுத வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். எக்ஸ்86இல் எழுதுவது மட்டும் அடுத்த படிப்புக்குப் பின்னால் தள்ளிப்போகலாம், மற்ற வரிசைகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் இரண்டும் தளர்வானவை. எக்ஸ்86 லேப்டாப்பின் மேல் க்யூஎமுவை ஓட்டும்போது அந்தத் தளர்வு முழுவதும் வெளிப்படாது. க்யூஎமுவில் சுத்தமாக ஓடியது என்பதை வைத்துப் பேரியர் சரி என்று முடிவு கட்டாதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல கோர் ரிஸ்க்-ஃபைவ் போர்டு கிடைத்தால் வாங்கி அதிலும் ஓட்டுங்கள்.

பழைய_யூனிக்ஸ்

கருவிகளையும் சொல்லிவிடுங்கள். லினக்ஸில் வேலை செய்யப் போகிறவர்கள், லாக் எடுக்கும் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப் போடாமல் ஒரு மாட்யூல்கூட எழுதக் கூடாது. 2006இல் 2.6.18இல் இங்கோ மோல்னார் கொண்டுவந்தது. டெட்லாக் நிஜமாக நடக்கத் தேவையில்லை: இன்று அ-ஆ, நாளை ஆ-அ என்று எடுத்தாலே கத்திவிடும். 2020இல் 5.8இல் வந்த கேசிசான் தரவு ரேஸ்களைப் பிடிக்கும். லாக்கோடு தூங்கப் போனால் சொல்ல ஒரு டீபக் ஆப்ஷன் தனியாக உண்டு. மூன்றும் கெர்னலை மந்தமாக்கும். அதற்காக அணைத்துவைப்பவர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

சொந்த கெர்னலில் இதெல்லாம் கிடைக்காது, ஆனால் ஏழைக்கேற்ற வழி உண்டு. லாக் ஸ்ட்ரக்டில் அதை வைத்திருக்கும் கோரின் எண்ணை எழுதிவையுங்கள். அதே கோர் மறுபடி கேட்டால் பேனிக். ரன் கியூவைத் தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனின் முதல் வரியிலும் "லாக் என் கையில் இருக்கிறது" என்று அசெர்ட். அப்புறம், லாக்கை விட்ட உடனே தாறுமாறான நீளத்துக்கு ஒரு வெற்று லூப். வாரக்கணக்கில் ஒளிந்திருக்கும் இடைவெளிகளெல்லாம் அகலமாகி ஒரே இரவில் வெளியே வந்து விழும்.

கிண்டி_கெர்னல்

லாக்கைப் பிடித்தபடியே ஸ்விட்ச் செய்கிறேன், தூங்கும் ஃபங்ஷனுக்கு லாக்கை வாதமாகக் கொடுத்துவிட்டேன். சார் சொன்ன வெற்று லூப்போடு 4 கோரில் இரவு முழுவதும் ஓடியது. காலையில் பார்த்தால் ஓடிக்கொண்டே இருக்கிறது. அக்கா சொன்ன மாதிரியே புதிய பிராசஸில் லாக்கை விட மறந்து, முதல் ஃபோர்க்கிலேயே நின்றது தனிக் கதை. அசெர்ட் உடனே காட்டிவிட்டது.

சீனியரிடம் லாக் போட்டதைச் சொன்னேன். "சரி, ஆனால் மெதுவாக இருக்குமே" என்றார்.

பழைய_யூனிக்ஸ்

எவ்வளவு மெதுவாக என்று அளந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

தரமணி_77

தம்பி, எக்ஸிட் எப்படி எழுதியிருக்கிறீர்கள்? சாகும் பிராசஸ் தன் ஸ்டாக்கைத் தானே ஃப்ரீ செய்கிறதா? அப்படியென்றால் யீல்டில் இருந்த அதே ஓட்டைதான்: அந்த ஸ்டாக்கின் மேல் நின்றுகொண்டே அதை வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள். ஸாம்பி என்று குறித்துவிட்டு ஸ்விட்ச் செய்யட்டும், அதை உருவாக்கிய அப்பா பிராசஸ் வெயிட்டில் வந்து ஃப்ரீ செய்யட்டும்.

கிண்டி_கெர்னல்

ஃப்ரீ செய்வதையே இன்னும் எழுதவில்லை அக்கா. 64 பிராசஸ் ஆனதும் டேபிள் நிரம்பி நின்றுவிடும். அதனால்தான் இந்தப் பக்கம் இதுவரை தப்பித்தேன் போல.